என் மகளின் முதற்களம்

ஒரு பிள்ளை முதன்முதலாகப் போட்டிக் களத்தில் இறங்கும் நாளில், அப்பிள்ளையைப் பெற்றோரும் உடன் இறங்குகின்றனர் என்றே கொள்ளல் வேண்டும். ஓட்டப்பந்தயமாயினும் பேச்சுப்போட்டியாயினும் இவ்வுண்மை பொருந்தும். சீருடற்பயிற்சிக்கோ இன்னும் நன்றாகப் பொருந்தும். பந்தாட்டத்தில் தவறு நேர்ந்தால் தோள்கொடுக்கப் பத்துப் பேர் உடனிருப்பர். சீருடற்பயிற்சியில் பிள்ளை தனியே நிற்கிறது. அரங்கத்தார் கண்கள் அனைத்தும் அதன்மீதே பதிந்திருக்கின்றன. அந்தத் தனிமைக்கு ஒரு பத்து வயதுச் சிறுமியை ஆயத்தப்படுத்துவது எளிய செயலன்று.

நான்காம் ஆண்டில் பயிலும் என் மகள், மாவட்டப் பள்ளிகளுக்கிடையிலான சீருடற்பயிற்சிப் போட்டியில் இவ்வாண்டு முதன்முறையாகக் கலந்துகொண்டாள். அதற்கு முந்திய ஆறு வாரங்களில் ஒரு தந்தை என்னும் முறையில் யான் அறிந்துகொண்டவற்றை, பிற பெற்றோர்க்கும் பயன்படுமென்னும் நம்பிக்கையில், இவ்வாண்டு மலர்வழி பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

மாணவச் செல்வங்களுக்காக இக்கலையைப் பற்றி முதலில் சில சொற்கள். உடலை வளைத்தும் நிமிர்த்தும், தாவியும் சுழன்றும், வலிமையையும் நயத்தையும் ஒருங்கே காட்டுவது சீருடற்பயிற்சி. செருமானிய ஆசிரியரான ஃபிரீட்ரிக் லுட்விக் யான் என்பார் 1811ஆம் ஆண்டில் பெர்லின் நகரில் திறந்தவெளிப் பயிற்சிக்களம் ஒன்றை அமைத்தார். இன்று நாம் காணும் கருவிகள் சிலவற்றின் தொடக்கம் அத்தகைய களங்களிலேயே இருந்தது. 1896இல் ஏதென்சு நகரில் நடைபெற்ற முதலாவது நவீன ஒலிம்பிக்கிலேயே ஆடவர்க்கு இப்போட்டி இடம்பெற்றுவிட்டது. மகளிர்க்கோ 1928இல், ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கிலேதான் வாயில் திறந்தது. ஆடவர்க்கு ஆறு பிரிவுகளும் மகளிர்க்கு நான்கு பிரிவுகளும் உண்டு. தாண்டு மேடை, ஏற்ற இறக்கச் சட்டங்கள், சமநிலைக் கட்டை, தரைப்பயிற்சி என்பன மகளிர்க்குரிய நான்குமாம்.

இவற்றுள் காண்போர் நெஞ்சை அதிகம் படபடக்கச் செய்வது சமநிலைக் கட்டையே. அதன் நீளம் 5 மீட்டர். தரையிலிருந்து அதன் உயரம் 125 சென்டிமீட்டர். அதன் அகலமோ வெறும் 10 சென்டிமீட்டர். நம் உள்ளங்கையைவிடச் சற்றே அகன்ற அந்தக் கட்டையின்மீதுதான் நடத்தலும், திரும்பலும், தாவலும், ஒற்றைக்காலில் நிற்றலும் நிகழ்தல் வேண்டும். எங்கள் மாவட்டப் போட்டியில் தொடக்க நிலைச் சிறுமியர்க்காகக் கட்டையைத் தாழ்த்தி வைத்து, சுற்றிலும் மெத்தைகளை விரிப்பர். உயரம் குறையுமேயன்றி, அகலம் அதே 10 சென்டிமீட்டர்தான்.

என் மகளை இக்களத்திற்கு அழைத்துச் சென்றவர் அவளுடைய உடற்கல்வி ஆசிரியை. வகுப்பில் மெத்தையின்மீது முன்புறம் உருளும் பயிற்சி நடந்தபோது இவளது உடல் எளிதில் வளைவதைக் கண்ட அவர், பள்ளி முடிந்தபின் நடைபெறும் பயிற்சிக்கு வருமாறு பணித்தார். பெற்றோர் ஒப்புதற் கடிதத்தோடு அவள் வீடு வந்த மாலையிலேயே எங்கள் இல்லத்தில் வழக்கு மூண்டது.

வழக்குத் தொடுத்தவர் என் அன்னையார். அவர் இளமை முதல் முப்பது ஆண்டுக்குமேல் பால்மரம் வெட்டியவர். “பொம்பளப் பிள்ளை கழைக்கூத்தாடி மாதிரி குட்டிக்கரணம் போடுவதா? கை கால் முறிந்தால் நாளைக்கு யார் பார்ப்பது?” என்று அவர் கேட்டார். அவரது அச்சத்தை யான் எளிதாகத் தள்ளிவிடவில்லை. தோட்டத்தில் ஒருவர் கை முறிந்தால் அன்றைய சம்பளமும் முறிந்துவிடும் என்பதைக் கண்ணால் கண்டு வாழ்ந்தவர் அவர். ஆகவே சொல்லால் வாதிடாது, 2021ஆம் ஆண்டு நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் நாட்டின் சார்பில் இதே கலையில் களமிறங்கிய ஃபாரா ஆன் அப்துல் ஹாடியின் படக்காட்சியைக் கைப்பேசியில் அவருக்குக் காட்டினேன். “இது நம் நாட்டுப் பெண்ணா?” என்று வியந்தார். பின்னர், “மெத்தை போட்டிருக்கிறார்களா என்று நீயே போய்ப் பார்த்துவிட்டு வா” என்றார். வழக்கு ஒத்திவைக்கப்பட்டது.

மறுநாளே பயிற்சி நடைபெறும் மண்டபத்திற்குச் சென்றேன். மெத்தைகள் இருந்தன, சிறுமியர் புதிய அசைவுகளைச் செய்யுங்கால் ஆசிரியை அருகே நின்று கைகொடுப்பதையும் கண்டேன். போட்டிக்கென்று வீட்டில் யாங்கள் செய்ய வேண்டுவன யாவை என அவரை வினவினேன். அவர் கூறிய மறுமொழி இன்றும் என் செவியில் ஒலிக்கின்றது: “ஆட்டத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் ஐயா, ஆடுகிற பிள்ளையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.”

இதனினும் தெளிவாகப் பெற்றோர் கடமையை வரையறுத்தல் இயலாது. கரணத்தைத் திருத்துவதும், கால் நீட்டத்தைச் செப்பனிடுவதும் பயிற்றுவிப்பவர் பணி. அப்பணியில் நாம் குறுக்கிட்டால் பிள்ளைக்கு இரண்டு குரல்கள் கேட்கும். கட்டையின்மேல் நிற்கும் பிள்ளைக்கு ஒரு குரலே போதும். நம் பணி வேறு. உறக்கம், உணவு, உடை, மனம் ஆகிய நான்குமே நம் பொறுப்பு.

உறக்கத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். ஆறு முதல் பன்னிரண்டு வயதுடைய பிள்ளைகட்கு நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேரம் வரை உறக்கம் தேவை என்பது மருத்துவர் கூற்று. பள்ளி நாளில் வைகறையில் எழும் பிள்ளை, இரவு ஒன்பது மணிக்கேனும் படுத்தாலன்றி இக்கணக்கு நிறைவுறாது. எங்கள் இல்லத்தில் தொலைக்காட்சித் தொடர் ஓடும் நேரமும் அதுவே. ஆறு வாரங்கள் அத்தொடரின் ஒலியை அடக்கி வைத்துப் பார்த்த என் அன்னையாரின் தியாகத்தை ஈண்டுக் குறிப்பிடாமலிருத்தல் நன்றியாகாது.

அடுத்து உணவு. வயிறு நிறைந்திருக்கத் தலைகீழாகச் சுழல்வது இயலாத செயல். ஆதலின் பயிற்சிக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னதாகவே உணவு முடிந்திருத்தல் நலம். போட்டி நாளின் காலையில் எண்ணெயும் தேங்காய்ப்பாலும் மிகுந்த நாசி லெமாக் வேண்டா. இரண்டு இட்டிலி, ஒரு வாழைப்பழம், போதிய தண்ணீர் ஆகியவையே சாலும். அதுவரை உண்டறியாத புதிய உணவை அன்றைக்கென்று ஊட்டுவதும் தகாது. மெலிந்த உடல்தான் வேண்டும் என்றெண்ணி வளரும் பிள்ளையின் சோற்றைக் குறைப்பது பெருந்தீங்கு. எலும்பு வளரும் பருவத்தில் பசியோடு பயிற்சி செய்யும் உடல் எளிதில் ஊறுபடும்.

களைப்பையும் வலியையும் வேறுபடுத்தி அறிதல் பெற்றோர்க்கு இன்றியமையாதது. புதிய பயிற்சிக்குப்பின் தொடையும் தோளும் ஓரிரு நாள் கனத்துப் பின் தணிவது இயல்பு. மணிக்கட்டிலோ கணுக்காலிலோ முதுகிலோ ஓரிடத்தில் குத்தும் வலி இருந்து, ஓய்வெடுத்த பின்னும் அது நீங்காதாயின், ஆசிரியையிடம் உடனே தெரிவித்து மருத்துவரை நாடல் வேண்டும். “போட்டி முடியட்டும், பார்க்கலாம்” என்று தள்ளிப்போடுதல் கூடாது. போட்டிகள் ஆண்டுதோறும் வரும். மணிக்கட்டு மீண்டும் முளைத்து வாராது.

உடையைப் பற்றியும் சொல்லல் வேண்டும். இக்கலைக்கு உடலோடு ஒட்டிய ஆடை தேவை. தளர்ந்த ஆடை சுழலும்போது காலில் சிக்கும், முகத்தை மறைக்கும். புதிய ஆடையின் விலை எங்கள் மாத வரவுக்குச் சற்று அதிகமாகவே இருந்தது. முன்னர் இப்போட்டியில் பங்குகொண்டு, இப்போது இடைநிலைப் பள்ளிக்குச் சென்றுவிட்ட ஒரு மாணவியின் ஆடையை ஆசிரியை கேட்டு வாங்கிக் கொடுத்தார். தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேரப் பணி முடித்து வந்த என் மனைவி, இரண்டு இரவுகள் கண்விழித்து, அதன் தோளையும் இடுப்பையும் பிரித்துத் தைத்து, எம் மகளுக்கு ஏற்ற அளவாக்கினார்.

தலைமுடியோ என் பொறுப்பாயிற்று. போட்டி நாளன்று என் மனைவிக்கு விடுப்புக் கிட்டாது என்பது முன்னரே தெரிந்துவிட்டமையால், கொண்டை போடும் கலையை யான் பயில வேண்டியவனானேன். உருளும்போது பின்தலை மெத்தையில் படும். ஆதலால் கொண்டை பிடரியில் இராது உச்சியருகே அமைதல் வேண்டும். குத்தும் கம்பி ஊசிகள் தவிர்த்து, துணி சுற்றிய இரப்பர் வளையங்களைக் கொண்டே கட்டுதல் வேண்டும். தோடு, சங்கிலி, வளையல், கையில் கட்டிய கறுப்புக் கயிறு ஆகிய அனைத்தையும் கழற்றிவிடல் வேண்டும். இவை கருவியில் மாட்டினால் காயம் விளையும். முதல் வாரம் யான் போட்ட கொண்டை சோறு வடிக்கும் முன்பே அவிழ்ந்தது. ஐந்தாம் வாரத்தில் அது பள்ளி விட்டு வரும்வரை நின்றது.

வீட்டுப் பயிற்சிக்கென ஆசிரியை ஒன்றே ஒன்றைத்தான் அனுமதித்தார். மெத்தையின்றி வீட்டில் கரணம் போடுதல் கூடவே கூடாது. தரையில் கோடு போட்டு அதன்மேல் நடக்கலாம் என்றார். ஆகவே வீட்டு ஐந்தடியின் சிமெந்துத் தரையில் 10 சென்டிமீட்டர் அகலத்திற்கும் 5 மீட்டர் நீளத்திற்கும் வெள்ளை ஒட்டுநாடாவால் ஒரு பாதை அமைத்தேன். மகள் மாலைதோறும் அதன்மேல் குதிகால் உயர்த்தி நடப்பாள். தரையில் வரைந்த கோடாயினும், பாதி வழியில் அவள் கால் தடுமாறும். அவள் கண் எப்போதும் தன் கால் விரல்களையே நோக்கி நின்றது.

சாய்வு நாற்காலியில் அமர்ந்து பல நாள் இதனைப் பார்த்துக்கொண்டிருந்த என் அன்னையார், ஒரு மாலை தாமாகவே வாய் திறந்தார். “காலைப் பார்க்காதே ஆத்தா. காலைப் பார்த்தால் கால் நடுங்கும். போய்ச் சேர வேண்டிய கரையைப் பார்” என்றார்.

“உங்களுக்கு எப்படிப் பாட்டி தெரியும்?” என்று கேட்டாள் பெயர்த்தி.

அப்போதுதான் அவர் தம் கதையைச் சொன்னார். பால்மரக் காட்டின் பெரிய வாய்க்காலுக்குக் குறுக்கே ஒற்றைத் தென்னைமரம் கிடத்தப்பட்டிருக்கும். அதுவே பாலம். தோளில் காண்டாக் கம்பு. அதன் இரு முனையிலும் நிறைந்த பால்வாளிகள். மங்கு மங்காகச் சேர்த்த அன்றைய உழைப்பு முழுவதும் அவ்வாளிகளில் இருந்தது. சிந்தினால் எடைபோடும் இடத்தில் சம்பளம் குறையும். மழை பெய்த காலையில் வழுக்கும் அம்மரத்தின்மீது, அக்கரையில் நின்ற ஒரு மரத்தையே நோக்கியபடி, அவர் நாள்தோறும் நடந்திருக்கிறார். “எனக்கு யார் மெத்தை போட்டார்கள்?” என்று சிரித்தார்.

சமநிலைக் கட்டையில் நிற்போர் கட்டையின் கடைசி முனையையே நோக்குதல் வேண்டும் என்பது இக்கலையின் பாலபாடம். ஆசிரியை பல முறை சொல்லியும் மகள் மனத்தில் ஊன்றாத அப்பாடம், பாட்டியின் வாய்வழி வந்தபோது ஊன்றிவிட்டது. அன்றிலிருந்து ஐந்தடியின் எல்லைச் சுவரில் ஒரு சிவப்புக் காகிதம் ஒட்டப்பட்டது; அதுவே அக்கரை. அன்று முதல் வழக்குத் தொடுத்தவரே பயிற்சிக்குக் காவலருமானார்.

இங்ஙனம் யாவும் ஒழுங்குற நடந்துவருகையில், போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது மகள் பயிற்சியில் கட்டையிலிருந்து விழுந்தாள். மெத்தையில் விழுந்ததால் காயம் ஏதுமில்லை. ஆனால் அன்றிரவு உறக்கம் பிடிக்காமல் என் அருகே வந்து அமர்ந்து, “அப்பா, எல்லாரும் பார்க்கும்போது விழுந்துவிட்டால்?” என்று கேட்டாள்.

இத்தகைய வினாவிற்கு நாம் வழக்கமாகக் கூறும் விடை, “நீ விழமாட்டாய், கண்ணு” என்பது. அவ்விடை அன்பிலிருந்து பிறப்பதே. ஆயினும் அதில் உறுதியில்லை. விழாமல் இருக்க யாரால் உறுதி கூற இயலும்? மேலும், ‘விழவே மாட்டாய்’ என்று சொல்லி அனுப்பிய பிள்ளை விழுந்துவிட்டால், தந்தையின் சொல்லையும் பொய்யாக்கிவிட்டோமே என்னும் இரண்டாம் துயரும் அதனைச் சேரும். ஆகவே, “நாளை சொல்கிறேன்” என்று அவளை உறங்கச் செய்து, அடுத்த நாள் ஆசிரியையிடம் போட்டி விதிகளைக் கேட்டறிந்தேன்.

பன்னாட்டுப் போட்டிகளில் 2006ஆம் ஆண்டு முதல் புள்ளிகள் இரு பகுதிகளாக வழங்கப்படுகின்றன. செய்யும் அசைவுகள் எத்துணைக் கடினமானவை என்பதற்கு ஒரு கணக்கு. அவற்றை எத்துணை நேர்த்தியாகச் செய்தனர் என்பதற்கு மற்றொரு கணக்கு. நேர்த்திக்குரிய கணக்கு 10 புள்ளியிலிருந்து தொடங்கும். சிறு பிழைக்கு 0.1, நடுத்தரப் பிழைக்கு 0.3, பெரும் பிழைக்கு 0.5 எனக் கழிப்பர். கட்டையிலிருந்து விழுந்தால் 1 புள்ளி கழியும். விழுந்தவர் மீண்டும் கட்டையில் ஏறுவதற்கு 10 வினாடி வழங்கப்படும். ஏறி, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எங்கள் மாவட்டப் போட்டியிலும் விழுந்த பிள்ளைக்கு இதே 10 வினாடி உண்டு என்றார் ஆசிரியை.

இதனைக் கேட்டபோது என் உள்ளத்தில் ஒரு விளக்கு ஏற்றப்பட்டதுபோல் இருந்தது. விழுதல் இக்கலைக்குப் புறம்பானதன்று. அதற்கென விதியே இடம் ஒதுக்கி வைத்திருக்கிறது. விழுந்ததற்கு விலை உண்டு. அவ்விலை ஒரு புள்ளி. எழுவதற்கு நேரம் உண்டு. அந்நேரம் பத்து வினாடி. அதற்குமேல் அவமானம் என்றோ தண்டனை என்றோ அவ்விதியில் ஒன்றும் எழுதப்படவில்லை.

அன்றிரவு மகளிடம் இதனைச் சொன்னேன். கூடவே உலகறிந்த இரு பெண்களின் செய்தியையும் சொன்னேன். ருமேனியா நாட்டின் நாடியா கொமனேச்சி, 1976ஆம் ஆண்டு சூலை 18ஆம் நாள், மொன்றியல் ஒலிம்பிக்கில் தம் 14ஆம் வயதில், ஒலிம்பிக் சீருடற்பயிற்சியிலேயே முதன்முதலாக முழுமையான 10 புள்ளியைப் பெற்றார். அத்தகைய புள்ளியைக் காட்ட இயலாத அறிவிப்புப் பலகை ‘1.00’ என்று காட்டியது. அது நிறைவின் கதை. அமெரிக்காவின் சிமோன் பைல்சு, 2024இல் பாரிசு ஒலிம்பிக்கில் மூன்று தங்கப் பதக்கங்களை வென்றவர். அதே ஒலிம்பிக்கில், சமநிலைக் கட்டையின் இறுதிச் சுற்றில் அவரும் விழுந்தார். எழுந்து, ஏறி, முடித்து, ஐந்தாம் இடம் பெற்றார். உலகத்தின் தலைசிறந்த கால்களும் அந்தப் பத்துச் சென்டிமீட்டரில் தடுமாறக்கூடும் என்பதே இதன் பொருள்.

மகள் சற்று நேரம் எண்ணிப் பார்த்தாள். “பத்து வினாடி என்றால் எவ்வளவு நேரம் அப்பா?” என்று கேட்டாள். இருவரும் சேர்ந்து ஒன்று முதல் பத்து வரை மெல்ல எண்ணினோம். “நிறைய நேரம் இருக்கிறதே!” என்றாள். அன்று நன்றாக உறங்கினாள்.

அடுத்த நாள் முதல் எங்கள் ஐந்தடியில் ஒரு புதிய பயிற்சி சேர்ந்தது. நடுவர்முன் கையுயர்த்தி வணங்கித் தொடங்குவாள். கோட்டில் நடப்பாள். இடையே யான் “விழு” என்பேன். கோட்டைவிட்டு இறங்கி, மூச்சை ஒரு முறை ஆழ இழுத்து விட்டு, சிவப்புக் காகிதத்தை நோக்கி, மீண்டும் கோட்டில் ஏறுவாள். என் அன்னையார் வினாடி எண்ணுவார். பின்னர் முடிவுவரை நடந்து, மீண்டும் கையுயர்த்தி வணங்கி முடிப்பாள். விழாமலிருக்கும் பயிற்சியை ஆசிரியை அளித்தார். எழும் பயிற்சியை யாங்கள் அளித்தோம்.

இனிப் பெற்றோர் தம்மை ஆயத்தப்படுத்திக்கொள்ளும் பகுதி. இதுவே யாவற்றினும் கடினம் என்பேன். களத்தில் நிற்கும் பிள்ளை தன் ஆட்டம் முடிந்தவுடன் புள்ளிப் பலகையை நோக்குமுன் பெற்றோர் முகத்தை நோக்கும். அம்முகத்தில் எழுதியிருப்பதே அதற்கு முதற்புள்ளி. நடுவர் வழங்கும் புள்ளி சில நாளில் மறந்துபோகும். முகம் வழங்கிய புள்ளி நெடுங்காலம் நிற்கும். ஆதலால் சிலவற்றை யான் முன்னரே முடிவு செய்துகொண்டேன். கூவி அறிவுரை கூறுவதில்லை. கைப்பேசியைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு கண்ணால் மட்டும் காண்பது. பிற பள்ளிப் பிள்ளைகட்கும் கைதட்டுவது. முடிந்து வரும் மகளிடம், வென்றாலும் தோற்றாலும் முதலில் ஒரே வினாவைக் கேட்பது. அவ்வினா, “பசிக்கிறதா?” என்பது. யான் சிறுவனாக எதில் வென்று வந்தாலும், எதில் தோற்று வந்தாலும், பால்வாளி கழுவிய ஈரக்கையோடு என் அன்னையார் கேட்ட முதல் வினா அதுவேயாகும். அவ்வினாவில், ‘நீ எதைக் கொண்டுவந்தாலும் இவ்வீட்டில் உனக்குச் சோறு உண்டு’ என்னும் உறுதி அடங்கியிருந்தது.

வேலையின் காரணமாகப் போட்டிக்கு வர இயலாத பெற்றோர் நம்மிடையே பலர் உளர். நாட்சம்பளத்தார்க்கு ஒரு நாள் விடுப்பு என்பது ஒரு நாள் உலை. அத்தகையோர் மனங்குன்ற வேண்டியதில்லை. ஆயத்தம் என்பது போட்டி நாளில் நிகழ்வதன்று. அதற்கு முந்திய இரவுகளில் நிகழ்வது. என் மனைவி அன்று தொழிற்சாலையில் இருந்தார்; ஆயினும் அவர் தைத்த தையல் களத்தில் மகளின் தோளைத் தழுவியிருந்தது. “அம்மா என்னோடுதான் இருக்கிறார்” என்று மகள் தன் தோளைத் தொட்டுக் காட்டியது வெறும் சொல்லன்று.

போட்டி நாளும் வந்தது. காலை ஐந்தரை மணிக்கு இட்டிலி. ஆறு மணிக்குக் கொண்டை. பள்ளி வேனில் ஆசிரியையோடு பிள்ளைகள் சென்றனர். யான் மோட்டார் சைக்கிளில் பின்தொடர்ந்தேன். நகரின் உள்ளரங்கில் பல பள்ளிப் பிள்ளைகள் கூடியிருந்தனர். தரைப்பயிற்சியை மகள் குறைவின்றிச் செய்தாள். கட்டைக்கு அவள் முறை வந்தது. கையுயர்த்தி வணங்கினாள், ஏறினாள், குதிகால் உயர்த்தி நடந்தாள், ஒற்றைக்காலில் நின்று மறுகாலைப் பின்னே உயர்த்தினாள். அரைவட்டம் திரும்புகையில் உடல் சாய்ந்தது. விழுந்தாள்.

அரங்கில் ஒரு பெருமூச்சு எழுந்தது. என் உதடுகள் தாமே எண்ணத் தொடங்கின. ஒன்று, இரண்டு. அவள் எழுந்தாள். மூன்று, நான்கு. அழவில்லை, என்னையும் பார்க்கவில்லை. ஐந்து. மூச்சை இழுத்து விட்டாள். ஆறு. கட்டையின் அக்கரையை நோக்கினாள். ஏழு என்னும்போது அவள் கட்டையின்மேல் இருந்தாள். விட்ட அரைவட்டத்தை மீண்டும் திரும்பினாள், தாவினாள், இறங்கினாள், நிமிர்ந்து நின்று கையுயர்த்தி வணங்கினாள். அதன்பின்னரே என் பக்கம் திரும்பினாள். யான் கைதட்டிக்கொண்டிருந்தேன்.

பரிசு பெற்றோர் பட்டியலில் அவள் பெயர் இல்லை. அது சற்று வருத்தந்தான். இல்லை என்று சொல்லி அவளை ஏய்க்க யான் விரும்பவில்லை. வெளியே வந்ததும், “பசிக்கிறதா?” என்றேன். “ரொம்பப் பசி” என்றாள். சாலையோரக் கடையில் தோசை உண்ணும்போது அவளே பேச்செடுத்தாள்: “அப்பா, நான் ஏழு வினாடியில் ஏறிவிட்டேன். எனக்கு இன்னும் மூன்று வினாடி மிச்சம் இருந்தது, தெரியுமா?”

அன்புப் பெற்றோரே! பதக்கம் பெறும் பிள்ளைகளைப் பாராட்டுவோம், அது தகும். ஆயினும் நம் பிள்ளைகள் அனைவரும் பதக்கம் பெறார். அனைவரும் ஒரு நாள் விழுவர் என்பது மட்டும் திண்ணம். தேர்வில் விழலாம், தொழிலில் விழலாம், வாழ்வின் ஏதோ ஒரு குறுகிய கட்டையில் கால் இடறலாம். விழுந்ததற்கு ஒரு புள்ளிதான் விலை என்பதையும், எழுவதற்குப் பத்து வினாடி உண்டு என்பதையும் வீட்டிலேயே கற்ற பிள்ளை, எந்தக் களத்திலும் மீண்டும் ஏறும். அதனைக் கற்பிக்கப் பெரும்பொருள் வேண்டா. தரையில் ஒரு கோடும், சுவரில் ஒரு சிவப்புக் காகிதமும், பொறுமையாக எண்ணுவதற்கு ஒரு பாட்டியும் இருந்தால் போதும்.

அடுத்த ஆண்டுப் போட்டிக்கு என் மகள் இப்போதே பெயர் கொடுத்துவிட்டாள். ஐந்தடியில் ஒட்டிய வெள்ளை நாடா தேய்ந்துவிட்டமையால் புதியது வாங்கி வைத்துள்ளேன். பங்குகொள்ளப் போகும் பிள்ளைகள் அனைவர்க்கும், அவர்தம் பெற்றோர்க்கும் என் உளங்கனிந்த வாழ்த்துகள்.